மயில்துத்த மூட்டையின் மேல் ரத்தினபாயம்மா

எங்கள் சபையில் ஒருவரைப் பற்றி நாலு வரி அச்சில் வர வேண்டுமானால் இரண்டே வழிதான். ஒன்று, கோயிலுக்கு மின்விசிறி வாங்கிக் கொடுத்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் செத்துப் போயிருக்க வேண்டும். ரத்தினபாயம்மா இரண்டையும் செய்யவில்லை. செய்கிற உத்தேசமும் அவருக்கு இல்லை. ஆகவே நான் எழுதுகிறேன். ஒன்பதாம் வகுப்பில் இரண்டு முறை உட்கார்ந்து எழுந்தவளின் தமிழ் இது. பிடிக்காதவர்கள் மின்விசிறிக்காரர்களைப் பற்றிப் படித்துக்கொள்ளலாம்.

தாம்பரம் ஸ்டேஷனில் கிழக்குப் பக்கம் இறங்கி, சேலையூர் தாண்டி நடந்தால் எங்கள் பெத்தானியா காலனி வரும். நாற்பத்திரண்டு வீடுகள். வாத்தியார்கள், ஆபீஸ்காரர்கள், ரயில்வே கிளார்க்குகள். எல்லாரும் ஞாயிற்றுக்கிழமை வெள்ளைச் சட்டை போடுகிறவர்கள். இந்த நாற்பத்திரண்டு வீட்டுச் சாக்கடையும் காலனியின் கோடியில் ஒரு தொட்டியில் சேர்ந்து, அங்கிருந்து பம்ப் வழியாக ஏறி, இரண்டு பெரிய குட்டைகளில் போய் விழும். முதல் குட்டையில் பத்து நாள் கிடக்கும். இரண்டாம் குட்டையில் பத்து நாள் கிடக்கும். பிறகு ஒரு வாய்க்காலில் இறங்கி, பூவம்மாளின் கீரைத் தோட்டத்தை நனைத்துவிட்டு ஏரிக்குப் போகும். குட்டைப் பக்கம் போனால் மூக்கைப் பிடித்துக்கொள்கிற எங்கள் காலனி ஜனங்கள், பூவம்மாளின் முளைக்கீரையை மட்டும் அடித்துப் பிடித்து வாங்குவார்கள். கீரை எதைக் குடித்து வளர்கிறது என்று யாரும் கேட்பதில்லை. நான் ஒருமுறை குட்டைக் கரையில் ‘நீச்சல் குளம், கமிட்டி அங்கத்தினர்களுக்கு மட்டும்’ என்று பலகை எழுதி நட்டேன். அதற்காக வாங்கிய உதை தனிக் கதை.

பம்ப் ஓட்டிக்கொண்டிருந்தவர் எலியேசர். அறுபத்தாறில் மஞ்சள் காமாலையில் போய்விட்டார். அவருடைய மனைவிதான் ரத்தினபாயம்மா. கமிட்டி இரக்கப்பட்டு அந்த வேலையை அவருக்கே கொடுத்தது, தற்காலிகமாக. இந்தக் கதை நடந்தது எழுபத்திரண்டில். அப்போதும் தற்காலிகம்தான். புடவைக்கு மேல் புருஷனின் காக்கிச் சட்டையைப் போட்டுக்கொண்டு, விடிவதற்குள் பம்ப் ஷெட்டைத் திறந்துவிடுவார். பிறந்தது திருநெல்வேலிப் பக்கம். தாம்பரத்துக்கு வந்து இருபது வருஷமாகியும், கோபம் வந்தால் ஊர்ப்பேச்சு தானாக வந்துவிடும்.

அந்த வருஷம் கத்திரி வெயிலில் குட்டைத் தண்ணீர் பச்சைப் பெயிண்ட் மாதிரி ஆகிவிட்டது. அப்படியே வாய்க்காலில் இறங்கி ஏரி ஓரம் வரைக்கும் பச்சை. அங்கே காய்ந்து நாறியது. ஏதோ ஒரு ஆபீஸிலிருந்து காலனிக்குக் கடிதம் வந்தது: பச்சைத் தண்ணீர் விடுவதை நிறுத்தாவிட்டால் வாய்க்காலை அடைத்துவிடுவோம். கமிட்டி கூடியது. காரியதரிசி அசரியா எழுந்து நின்றார்.

இந்த அசரியா என் அப்பா. அதில் என் தவறு எதுவும் இல்லை.

“பச்சையா இருக்கிறது பாசி. பாசியைக் கொன்னா பச்சை போயிடும். மயில்துத்தம், அந்த நீல உப்பு, ஒரு மூட்டை போட்டா ரெண்டு நாள்ல கண்ணாடி மாதிரி ஆயிடும். இதுல யோசிக்க என்ன இருக்கு?” என்றார்.

வாசலில் நின்றிருந்த ரத்தினபாயம்மா கேட்டார்: “கொன்னா பொணத்தை யார் சார் எடுக்கிறது?”

“எந்தப் பொணம்?”

“பாசிப் பொணம். குட்டை நிறையக் கெடக்குமே. முதல் குட்டையில பாசி இருக்கிறதாலதான் இத்தனை வருஷம் நாறாம இருக்கு. வெயில் அடிச்சா பாசி காத்து விடுது. அந்தக் காத்துலதான் உங்க வீட்டு அழுக்கெல்லாம் செரிக்குது. அதைக் கொன்னுட்டா செரிக்க வைக்கிறது யாரு, கமிட்டியா?”

“ரத்தினபாய், நீங்க எத்தனாவது படிச்சிருக்கீங்க?”

“அஞ்சாவது. ஆனா ஆறு வருஷமா தினம் மோந்து பாக்கிறேன் சார்.”

அப்பா சிரித்தார். கமிட்டியும் சிரித்தது. ரத்தினபாயம்மா சிரிக்கவில்லை. அடுத்த வாரக் கூட்டத்துக்கு மூடி போட்ட ஒரு வாளியோடு வந்தார். மூன்று நாளைக்கு முன் அதில் குட்டைத் தண்ணீரை மொண்டு, ஒரு சிட்டிகை மயில்துத்தம் போட்டு வைத்திருந்தார். வாளியை மேஜைக்கு அடியில் வைத்து, மூடியைக் காலால் நகர்த்தினார். கூட்டம் ஆரம்பிப்பதற்கு முன்பே ஜெபம் பாதியில் நின்றது. கமிட்டியில் இருந்த பியூலா டீச்சர் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு வேப்பமரத்தடிக்கு ஓடினார்.

“ஒரு வாளிக்கே இந்தக் கதி. குட்டையில எத்தனை வாளித் தண்ணி இருக்குன்னு நீங்களே கணக்குப் போட்டுக்குங்க” என்று சொல்லிவிட்டு வாளியை எடுத்துக்கொண்டு போனார்.

ஆனாலும் மூட்டை வந்துவிட்டது. அப்பா ஒரு காரியம் என்று சொல்லிவிட்டால் அதிலிருந்து இறங்குவது அவருடைய உடம்புக்கு ஒத்துக்கொள்ளாது. பம்ப் ஷெட்டில் மூட்டையை இறக்கிவிட்டுச் சொன்னார்: “செப்டம்பர்ல வர்ற அறுப்பின் பண்டிகை வரைக்கும் டயம் தர்றேன். அதுக்குள்ள ரெண்டாம் குட்டையிலேருந்து வெளியே போற தண்ணி தெளிவா இருக்கணும், நாறக்கூடாது. இல்லாட்டி மறுநாள் திங்கட்கிழமை காலையில இது உள்ளே போகும்.”

“மூட்டை குட்டைக்குள்ள போச்சுன்னா, சாவிக்கொத்து உங்க மேஜை மேல இருக்கும். சாகிற குட்டைக்கு நான் காவல் இருக்கமாட்டேன்” என்றார் ரத்தினபாயம்மா.

அப்பா போனதும் மூட்டையை இழுத்து மோட்டார் பக்கத்தில் போட்டு, அதன் மேல் ஒரு கோணியை விரித்து உட்கார்ந்துகொண்டார். ஷெட்டில் நாற்காலி கிடையாது. தற்காலிக ஆட்களுக்கு நாற்காலி எதற்கு என்று கமிட்டி நினைத்திருக்கலாம். அன்றிலிருந்து நாலு மாதம் அந்த மயில்துத்த மூட்டைதான் அவருக்கு ஆசனம். யாராவது அதைத் தொட வேண்டுமானால் முதலில் அவரை எழுப்ப வேண்டும். அதற்குத் தைரியமுள்ளவன் காலனியில் பிறக்கவில்லை.

பூவம்மாள் விஷயம் கேள்விப்பட்டு ஓடி வந்தாள். “இன்னாக்கா இது? அந்த நீலத்த ஊத்துனா என் கீரை இன்னாவறது?”

“வேர் வெந்துரும்.”

“ஐயோ! பச்சையோ மஞ்சளோ, வர்ற தண்ணிய குடிச்சிக்கினு அது பாட்டுக்கு வளந்துகினு கீது. ஒங்க காலனி ஆளுங்களுக்கு கண்ணுல கலர் புடிக்கலன்னா என் வயித்துல அடிப்பாங்களா?”

“அடிக்க வுடமாட்டேன். நீ வாய்க்காலைப் பாத்துக்க.”

ரத்தினபாயம்மா முதலில் முயன்றது மீன். கோவளத்திலிருந்து பஸ்ஸில் கூடையோடு வந்து எங்கள் தெருவில் மீன் விற்கும் துலுக்காணத்திடம், பாசி தின்கிற மீன் எது என்று கேட்டார்.

“மடவை தின்னும்கா. கயில, கடத்தண்ணி வந்து நிக்கிற எடத்துல கெடக்கிற மீனு. பாறையில பாசிய நக்கிக்கினே கெடக்கும்.”

“நல்ல தண்ணியில பிழைக்குமா?”

“பொழைக்கும். ஆனா இது நல்ல தண்ணியான்னு மீனு கேட்டா நான் இன்னா சொல்றது?”

தகர டின்னில் முப்பது குஞ்சுகள் கொண்டுவந்தான். பஸ்ஸில் கண்டக்டரோடு சண்டை, பாதி வழியில் தண்ணீர் சிந்தியது, பதினெட்டுதான் உயிரோடு வந்தன. ஒன்பது நாள் இரண்டாம் குட்டையில் அவை ராஜ வாழ்க்கை வாழ்ந்தன. பத்தாம் நாள் விடியற்காலையில் ஷெட்டைத் திறக்க வந்த ரத்தினபாயம்மா பார்த்தது, பதினெட்டும் வயிற்றை மேலே காட்டி மிதப்பதை. ஒவ்வொன்றாக எடுத்துக் கரையில் புதைத்தார். பிறகு மூட்டையின் மேல் உட்கார்ந்து யோசித்தார். பகலில் துள்ளியது விடியற்காலையில் ஏன் செத்தது? பகலில் பாசி காற்றை விடுகிறது. இருட்டினால் அதே பாசி காற்றைக் குடித்துத் தீர்த்துவிடுகிறது. மீனுக்கு மிச்சமில்லை. இதை எந்தப் புத்தகமும் அவருக்குச் சொல்லவில்லை. பதினெட்டு மீன்கள் சொல்லின.

அப்பா வாய்க்கால் ஓரம் நின்று, “மீன் குழம்பு எப்படி இருந்துச்சு?” என்று கேட்டார்.

“காரம் கம்மி சார். மயில்துத்தம் போடாததால” என்றார் அவர்.

அடுத்து காலனியில் சிலர் ஆகாயத்தாமரை போடச் சொன்னார்கள். அதை அவரே வேண்டாமென்று தள்ளினார். அது ஒருமுறை காலூன்றினால் குட்டையை மூடி, வாய்க்காலை மூடி, ஏரிக்கும் போய்விடும். கொசுவுக்கு மெத்தை போட்ட மாதிரி. வைக்கோல் கட்டுகளை மிதக்கவிட்டுப் பார்த்தார். பச்சை கொஞ்சம் குறைந்தது. ஆனால் தண்ணீர் கஷாயம் மாதிரி ஆனது. “இதைக் காட்டினா உங்க அப்பா ஜலதோஷத்துக்குக் குடிச்சிருவாரு” என்று என்னிடம் சொல்லிக் கட்டுகளை வெளியே இழுத்தார். ஜூலை முடிந்துவிட்டது.

வழி கிடைத்தது ஒரு டிபன் டப்பாவால். மாடம்பாக்கம் போகிற வழியில் தண்ணீர் நிற்கும் ஒரு பள்ளம். மேலே முழுக்க அரிசி அளவு இலைகள், ஒன்றோடொன்று ஒட்டி, பச்சைப் போர்வை மாதிரி மிதந்தன. ரத்தினபாயம்மா சாப்பிட்ட டப்பாவைக் கழுவ அந்த இலைகளை ஒதுக்கினார். கீழே தண்ணீர் அடி வரைக்கும் தெரிந்தது. ஒரு கூழாங்கல், ஒரு உடைந்த வளையல், எல்லாம் தெரிந்தன. கழுவ வந்தவர் கழுவாமல் அப்படியே குந்தியிருந்தார். மேலே நிழல் இருக்கிறது. கீழே வெயில் போகவில்லை. வெயில் போகாத இடத்தில் பாசி பிழைக்கவில்லை. யாரும் யாரையும் கொல்லவில்லை. ஒரு பச்சை இன்னொரு பச்சைக்கு வெளிச்சத்தை மறைத்துவிட்டது, அவ்வளவுதான். கழுவாத டப்பாவிலேயே அந்த இலைகளை அள்ளிக்கொண்டு வந்தார்.

முதல் குட்டையைத் தொடவில்லை. அது பச்சையாகவே வேலை செய்யட்டும். இரண்டாம் குட்டையில் மட்டும் இலைகளை விட்டார். மூன்று வாரத்தில் பரவின. ஆனால் மத்தியானம் கடல் காற்று வந்தால் போதும், எல்லாம் ஒரு மூலையில் போய் ஒதுங்கிவிடும். மற்ற இடமெல்லாம் வெயில், பாசி. தண்ணீரின் மேல் கட்டம் கட்டமாகத் தடுத்தால் இலை நகராது என்று கண்டுபிடித்தார். அதற்குச் சவுக்குக் கழிகள் வேண்டும். கோயிலுக்குப் பின்னால் கிறிஸ்மஸ் பந்தலுக்கு வைத்திருந்த நாற்பது கழிகள் ஒரு வெள்ளிக்கிழமை இடம் பெயர்ந்தன. எப்படி என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் நான் சொல்லியிருக்கமாட்டேன்.

இலைகள் பெருகப் பெருக வாரத்துக்கு ஒருமுறை வலையால் அள்ள வேண்டும். விட்டால் மக்கி, உறிஞ்சியதைத் தண்ணீருக்கே திருப்பிக் கொடுத்துவிடும். அள்ளியது பூவம்மாளின் கோழிகளுக்கு. கடைசியாக, தண்ணீர் வெளியே போகும் வாயில் ஜல்லிப் படுக்கை. பல்லாவரம் பக்கத்துக் குவாரி லாரிகள் எங்கள் வளைவில் திரும்பும்போது கொஞ்சம் ஜல்லி சிந்திவிட்டுத்தான் போகும். ரத்தினபாயம்மாவும் பூவம்மாளும் ஒரு மாதம் அதைப் பொறுக்கினார்கள். மிச்சமிருந்த பாசி அந்தக் கல் இடுக்குகளில் ஒட்டிக்கொண்டு நின்றுவிட்டது.

செப்டம்பர் கடைசி ஞாயிறு, அறுப்பின் பண்டிகை. எங்கள் வழக்கம் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். அவரவர் உழைப்பில் விளைந்ததை முதற்பலனாகக் கொண்டுவந்து கோயிலில் படைக்க வேண்டும். பூசணிக்காய், கோழி, முட்டை, கேக், எதுவானாலும். படைத்த எதையும் திருப்பித் தரக் கூடாது. ஆராதனை முடிந்ததும் வெளியே ஏலம். ஏலம் போடுகிறவர் ஒவ்வொரு பொருளையும் தூக்கிப் பிடித்து, வாயாரப் புகழ்ந்த பிறகுதான் விலை கேட்க வேண்டும். யாரும் கேட்காத பொருளை ஏலம் போட்டவரே வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டும். பத்து வருஷமாக ஏலம் போடுகிறவர் அசரியா. வாடிய வாழைக்காயையும் ஏதேன் தோட்டத்திலிருந்து நேராக வந்தது என்று சொல்லி விற்றுவிடுவார்.

அன்றைக்குப் பூசணிக்காய்க்கும் கேக்குக்கும் நடுவில் ஓர் ஆர்லிக்ஸ் பாட்டில் இருந்தது. கழுவித் துடைத்து, கழுத்தில் வெள்ளை ரிப்பன் கட்டி. உள்ளே தண்ணீர். தேவானந்தம் வாத்தியார் அந்த வருஷம்தான் புதுக் கிணறு வெட்டியிருந்தார். முதல் தண்ணீரைப் படைப்பேன் என்று ஊரெல்லாம் சொல்லியிருந்தார். அப்பா பாட்டிலைத் தூக்கினார்.

“இதோ பாருங்க முதற்பலன்! பூமியிலேருந்து கர்த்தர் கொடுத்தது. இந்தப் பக்கம் பாத்தா அந்தப் பக்கம் பியூலா டீச்சர் மூக்குக்கண்ணாடி தெரியுது. ஒரு தூசி? ஒரு பாசி? காட்டுங்க பாக்கலாம்!” மூடியைத் திறந்து மோந்தார். “ஒரு வாசனை? கிடையாது! பாஸ்டர், நீங்க சொல்லுங்க.”

பாஸ்டர் மோந்து பார்த்து, “ரொம்ப சுத்தம்” என்றார்.

அப்பாவுக்கு உற்சாகம் தாங்கவில்லை. பாட்டிலை வாய்க்குக் கொண்டுபோனார்.

“சார்! குடிச்சிராதிய!”

ஜனங்களுக்குப் பின்னாலிருந்து அந்தச் சத்தம் வந்தது. காக்கிச் சட்டையைக் கழற்றி, கலியாணப் புடவை கட்டி நின்றிருந்த ரத்தினபாயம்மா.

“ஏன்?”

“அது ரெண்டாம் குட்டைத் தண்ணி.”

எல்லாத் தலையும் கிணற்றுக்காரர் பக்கம் திரும்பியது. தேவானந்தம் வாத்தியார் மெதுவாகச் சொன்னார்: “நான் கோழிதான் கொண்டாந்தேன்.”

அதற்குமேல் யாராலும் அடக்க முடியவில்லை. பாஸ்டர் கைக்குட்டையால் மூக்கைத் துடைப்பது போல முகத்தை மூடிக்கொண்டார். அப்பாவின் காது சிவந்தது. “இதைக் கொண்டுவந்து கோயிலுக்குள்ள வைப்பீங்களா ரத்தினபாய்? எவ்வளவு திமிர் இருக்கணும்!”

“எல்லாரும் அவங்கவங்க உழைச்ச இடத்துல விளைஞ்சதைக் கொண்டாந்தாங்க சார். நான் உழைக்கிற இடத்துல விளைஞ்சது இதுதான். நாப்பத்திரண்டு வீடும் சேந்து எனக்கு அனுப்பினீங்க. நான் துடைச்சுத் திருப்பிக் கொண்டாந்திருக்கேன். பாசி இல்லேன்னு நீங்க சொன்னீங்க. வாசனை இல்லேன்னும் நீங்கதான் சொன்னீங்க. நான் ஒரு வார்த்தை சொல்லலை.” பிறகு, “ஏலத்தை முடிங்க சார். வழக்கத்தை மாத்தாதீங்க” என்றார்.

அப்பா வழக்கத்தை மாற்றமாட்டார். பாட்டிலைத் தூக்கிப் பிடித்தார். “ஒரு தரம்…”

யாரும் விலை கேட்கவில்லை.

“ரெண்டு தரம்…”

கேட்டுக்கு வெளியே கீரைக் கூடையோடு நின்றிருந்த பூவம்மாள் கத்தினாள்: “அத்த நான் தெனம் சும்மா வாங்கிக்கினு கீறேன், எனக்கு இன்னாத்துக்கு சார் ஏலம்?”

“மூணு தரம்.”

பாட்டில் எங்கள் வீட்டுக்கு வந்தது. அப்பா வழியெல்லாம் அதைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்தார். வந்ததும் அதை ஹால் ஜன்னலில் வைத்தார். ஏன் கொட்டவில்லை என்று நான் கேட்கவில்லை.

மறுநாள் திங்கட்கிழமை. ஆபீஸ் போகும் முன் பம்ப் ஷெட்டுக்குப் போனார். மூட்டையைத் தூக்க ஒரு ஆளும் கூட. ரத்தினபாயம்மா மூட்டையின் மேல் உட்கார்ந்திருந்தார். சாவிக்கொத்து மடியில்.

“எழுந்திருங்க ரத்தினபாய். மூட்டையை எடுக்கணும்.”

“குட்டைக்கா, கடைக்கா?”

அப்பா வாய்க்காலைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார், வாட்சைப் பார்த்தார்.

“கடைக்கு.”

ரத்தினபாயம்மா எழுந்தார். அவருடைய புடவையின் பின்பக்கம் நாலு மாதத்து நீலக் கறை. அதை மறைக்க அவர் சட்டையை இழுத்துவிடவில்லை. சாவிக்கொத்தை மறுபடி இடுப்பில் செருகிக்கொண்டு, “உட்கார வேற என்ன போடுவீங்க?” என்று கேட்டார்.

பத்து நாளில் ஜன்னல் பாட்டில் பச்சையாகிவிட்டது. அப்பா பார்ப்பதற்குள் கொட்டிவிட்டு வாய்க்காலில் புதுத் தண்ணீர் பிடிக்கப் போனேன். ரத்தினபாயம்மா பிடித்துவிட்டார்.

“ஏட்டி, ஏமாத்தப் பாக்கியா? வெயில்ல வெச்சா எந்தத் தண்ணியும் பச்சையாத்தான் ஆகும். என் தண்ணிக்குப் பொய் வேண்டாம், நிழல் போதும். அலமாரிக்குள்ள வையி.”

இப்போது புதுத் தண்ணீர் பிடித்த பாட்டில் அலமாரியில், அப்பாவின் வெள்ளைச் சட்டைகளுக்குப் பக்கத்தில் இருக்கிறது. இன்னும் தெளிவாக இருக்கிறது.

கமிட்டி ஒரு மர நாற்காலி அனுப்பியது. அது ஷெட்டுக்குப் போய்ச் சேருமுன், அதன் முதுகில் யாரோ வெள்ளைப் பெயிண்டால் ‘பம்ப் ஆபரேட்டர், நிரந்தரம்’ என்று எழுதிவிட்டார்கள். கமிட்டி அப்படி எந்தத் தீர்மானமும் போடவில்லை. அப்பா தினமும் அந்த வழியாகத்தான் ஸ்டேஷனுக்குப் போகிறார். எழுத்து யாருடையது என்று அவருக்குத் தெரியும். இதுவரை அழிக்கவில்லை.

நாற்காலி வந்த அன்று ரத்தினபாயம்மா அதைச் சுற்றி வந்து ஒருமுறை படித்தார். இன்னொரு முறை படித்தார். உட்காரச் சொன்னேன்.

“பெயிண்ட் காயட்டும் ஏட்டி” என்றார். “ஆறு வருஷம் நின்னாச்சு. இன்னும் அரைமணி நேரம் நிக்கமாட்டேனா?”